எதிர் நாற்காலி

"நேத்து நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்," என்றார் ஆலோசகர்.

அவள் எதையும் அனுப்பியிருக்கவில்லை.

ஆனாலும் "ஆமா மேடம், மன்னிச்சுக்குங்க" என்றாள். யாராவது எதையாவது சொன்னால் முதலில் ஒப்புக்கொண்டுவிடுவதும், அது உண்மைதானா என்று பிறகு யோசிப்பதும் அவளுடைய நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். மடிக்கணினித் திரையில் ஆலோசகர் சிரித்தார். முப்பது வயதுகூட இருக்காத பெண். வெள்ளைச் சுவர், ஒரு பூந்தொட்டி, கையில் எப்போதும் ஒரு கோப்பை.

"மன்னிப்பு எதுக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேக்கறீங்கன்னு எண்ணிப் பாக்கச் சொன்னேனே, எண்ணினீங்களா?"

"எண்ணினேன் மேடம். முப்பத்தொண்ணு."

"இதோட முப்பத்திரண்டு."

இருவரும் சிரித்தார்கள். மாலை ஐந்து மணி வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து தரையில் நீளமாகக் கிடந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. பயப்பட அந்த அறையில் எதுவும் இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றார் ஆலோசகர். "அந்த மெசேஜ்ல உங்களைப் பத்தி நீங்களே 'அவ'ன்னு பேசறீங்க. யாரோ மூணாம் மனுஷியைப் பத்திப் பேசற மாதிரி. ஏன்?"

"தெரியல மேடம்."

"பரவாயில்ல. யோசிங்க. போன வாரம் வேற கனெக்‌ஷன் போய் எல்லாம் பாதியிலயே நின்னுடுச்சு. இன்னைக்கு அந்த நாற்காலியை முடிச்சிடலாமா?"

"இன்னைக்கு வேண்டாம் மேடம். அடுத்த வாரம்."

அழைப்பு முடிந்ததும் அவள் அந்தப் பதிவைத் தேடினாள். இருந்தது. புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, இந்த மடிக்கணினியிலிருந்து போயிருந்தது. புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில், மரத்திலிருந்து விழுந்த ஒரு சின்னப் பெண்ணின் முழங்கையைத் தட்டின்மேல் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. சாவி அவள் பையில்.

பதிவை ஓடவிட்டாள். அவளுடைய குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அவள் வாக்கியங்கள் எல்லாம் கடைசியில் கேள்வி மாதிரி முடியும். இது ஒவ்வொரு சொல்லையும் மேசைமேல் வைத்து ஆணி அடிப்பது மாதிரி பேசியது.

"மேடம், அவளுக்கு இனி இதெல்லாம் வேண்டாம். அவளை நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷமா நான்தானே பாத்துக்கிட்டேன்."

பிறகு இரண்டு விநாடி மௌனம். முடிவதற்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஓர் ஒலி. யாரோ சூள் கொட்டினார்கள்.

அதைக் கேட்டதும் அவள் முதுகு தானாகக் கூனியது. அந்தச் சத்தத்துக்குக் கூனிக் கூனிப் பழகிய முதுகு அது.

சூள் கொட்டுவது அவளுடைய அக்காவின் வழக்கம். அக்கா ஏழு மாதத்துக்கு முன்னால் செத்துப் போயிருந்தாள்.

*

அம்மா போனபோது அவளுக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா ஏற்கெனவே எங்கோ போய்த் தொலைந்திருந்தார். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், தங்கையை வளர்த்தாள். வளர்த்ததை ஒருநாளும் மறக்கவிடவில்லை. சோறு போடும்போதும் சொன்னாள், துணி எடுக்கும்போதும் சொன்னாள். வீட்டுக்கு யாராவது வந்தால் தங்கையை 'அது' என்று அறிமுகம் செய்தாள். "அது ஒரு மக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இல்லேன்னா அதை நாய்கூட சீந்தாது." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் பிறகு அதற்குத் தனியாகக் கிடைக்கும்.

இருபத்தாறு வயதில் ஒரே ஒரு வரன் வந்தது. பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேலை; பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினான்; அவளுக்குப் பிடித்திருந்தது. அக்கா பிள்ளை வீட்டாரை வாசல்வரை வழியனுப்பப் போனவள், "ஒண்ணு மறைக்கக் கூடாது பாருங்க, இதுக்குத் தூக்கத்துல பயம் வரும், கத்தும், மத்தபடி நல்ல பொண்ணுதான்" என்றாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அக்கா சூள் கொட்டிவிட்டுச் சொன்னாள்: "பாத்தியா, உன்னை யாருக்கும் பிடிக்கலை."

கடைசியில் பக்கவாதம் வந்து அக்கா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள். அவள்தான் தூக்கி உட்காரவைத்தாள், துடைத்தாள், ஊட்டினாள். கை கால்தான் விழுந்திருந்தது, நாக்கு விழவில்லை. "உன் கை படறப்பல்லாம் வலிக்குது. ஆஸ்பத்திரியில உன்னை எப்படி வச்சிருக்காங்க?" என்பாள். போன அன்று சொன்ன கடைசி வார்த்தை, "ஃபேனைக் குறைக்கக்கூடத் தெரியலை." ஃபேனைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். முடிந்திருந்தது.

இனி நிம்மதி என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். ஆனால் கட்டிப்போட்ட மாடு அவிழ்த்துவிட்டாலும் முளையைச் சுற்றியே நிற்கிற மாதிரி, அவள் மனம் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது. எக்ஸ்ரே எடுக்கும்போது வலது பக்கமா இடது பக்கமா என்று காட்ட, படத்தோடு ஈயத்தில் செய்த ஒரு சின்ன எழுத்தை வைப்பார்கள். இருபது வருடமாக வைத்துவந்தவள் ஒருநாள் மாற்றி வைத்துவிட்டாள். டாக்டர் உடனே கவனித்துவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் பத்துத் தடவை சரிபார்த்தாள். வெளியே வரிசை நீண்டது. புகார்கள் போயின. ஒரு மாதம் அவகாசம் தருகிறோம், அதற்குள் சரியாகாவிட்டால் வேறு வேலைக்கு மாற்றுவோம் என்று நிர்வாகம் சொன்னது. கூடவே ஆன்லைனில் மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தது. வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை, ஐந்து மணி.

மூன்றாவது வியாழக்கிழமைதான் நாற்காலி வந்தது.

"உங்க முன்னால ஒரு காலி நாற்காலியைப் போடுங்க," என்றார் ஆலோசகர். "உங்களை ரொம்பக் காயப்படுத்தினவங்க யாரோ, அவங்க அதுல உக்காந்திருக்கறதா நினைச்சுக்குங்க. இத்தனை நாள் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லுங்க. கடைசியில அவங்களைப் போகச் சொல்லி அனுப்பிடுவோம். அது முக்கியம். நானே சொல்றேன், எப்போன்னு."

சாப்பாட்டு மேசைக்கு இரண்டே நாற்காலிகள். இரண்டையும் கூடத்துக்கு எடுத்துவந்தாள். ஒன்றில் அவள். எதிரே நான்கடி தள்ளி மற்றது. மடிக்கணினியை ஒரு முக்காலிமேல் தன்னைப் பார்த்து வைத்தாள். கண்ணை மூடச் சொன்னார் ஆலோசகர். அக்கா என்ன உடுத்தியிருக்கிறாள், கை எங்கே இருக்கிறது, எப்படிப் பார்க்கிறாள் என்றெல்லாம் மெதுவாகக் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சாம்பல் நிறப் புடவை. முழங்கால்மேல் இரண்டு கையும். நெற்றியில் தேய்த்த தைலத்தின் கற்பூர வாடை. நன்றாக வளர்த்த நாயைக் கூப்பிட்டது மாதிரி அக்கா வந்து உட்கார்ந்தாள்.

பிறகு அவள் பேசினாள். முதலில் முனகலாக, பிறகு அழுகையாக, பிறகு தொண்டை கிழிய. மருந்துக் கம்பெனிப் பையனைப் பற்றிச் சொன்னாள். 'அது' என்றதைப் பற்றிச் சொன்னாள். செத்த அன்று தனக்கு அழுகை வரவில்லை, ஃபேன் காற்று மட்டும் நன்றாக இருந்தது என்று சொன்னாள். நாற்பது நிமிடம். மூச்சு வாங்க நிறுத்திக் கண்ணைத் திறந்தபோது திரையில் ஆலோசகரின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்திருந்தது. இணைப்பு போயிருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. காத்திருந்தாள். வரவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு முகம் கழுவப் போனாள்.

போகச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

*

பதிவைக் கேட்ட அந்த வியாழன் மாலைக்குப் பிறகுதான் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

எதிர் நாற்காலி கூடத்திலேயே கிடந்தது. ஒரு வாரமாக அதை ஏன் மேசைக்குத் திருப்பி எடுத்துப் போடவில்லை என்று யோசித்தாள், காரணம் கிடைக்கவில்லை. சமையலறைக்குப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்பதும், அதற்கும் சுவருக்கும் நடுவே இடமிருந்தும் அந்த வழியாக நுழைவதில்லை என்பதும், அது இருக்கும் பக்கம் துணி மாற்றுவதில்லை என்பதும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தருகிற மரியாதையை உடம்பு அதற்குத் தந்துகொண்டிருந்தது.

பகலில், பளிச்சென்ற வெயிலில், அந்த நாற்காலி அவ்வப்போது முனகியது. மரம் காய்ந்தால் முனகும். ஆனால் காய்கிற மரம் ஒரு தடவை முனகிவிட்டு நிற்கும். இது, நெடுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தவர் அடுத்த பக்கத்துக்குச் சாய்வது போல, முதலில் இடது காலும் பிறகு வலது காலுமாக முனகியது. அரிசி களையும்போது தண்ணீர் சிந்தினால் கூடத்திலிருந்து சூள் கேட்டது. குழாயைத் திருகி நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கினால் எதுவும் இல்லை. எதிர்வீட்டுத் தொட்டி, தெருவில் ஒரு சைக்கிள் மணி, அவ்வளவுதான். மறுபடி குழாயைத் திறந்தால் மறுபடி கேட்டது. தைல வாடை சனிக்கிழமை வந்தது. அக்காவின் தைலக் குப்பியை அவள் ஏழு மாதத்துக்கு முன்பே குப்பையில் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஈய எழுத்தைப் பத்துத் தடவை பார்த்தாள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க," என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது, நோயாளி மூச்சை நிறுத்திய அந்த ஒரு விநாடி அமைதியில், தன் மூச்சும் நின்றிருப்பதைக் கவனித்தாள். மருத்துவமனையில் தைல வாடை இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

மதியம் மாவுக்கட்டு அறைக்காரர் வந்தார். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுபவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கையெல்லாம் காய்ந்த வெள்ளை மாவோடு எல்லோரிடமும் வலிய வந்து பேசுகிற மனிதர்.

"காலையில உங்களுக்கு அடிச்சேன்மா. ஷிஃப்ட் மாத்திக்கலாமான்னு கேக்க. உங்க அக்கா சொன்னாங்களா?"

எக்ஸ்ரே உறையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு?"

"உங்க அக்காதாம்மா போனை எடுத்தாங்க. 'அக்கா பேசறேன், அது குளிக்குது'ன்னாங்க. அப்பப்பா! ஹெட்மாஸ்டர்கிட்ட பேசின மாதிரி இருந்துச்சு. 'அதுக்கு அந்த வேலையே ஒழுங்காத் தெரியாது, இதுல ஷிஃப்ட் வேற மாத்தணுமா'ன்னு கேட்டாங்க. நான் கட்டுப் போட்ட கை மாதிரி அப்படியே நின்னுட்டேன்." சிரித்தார். "குரல்கூட அச்சு அசலா உங்க குரல்தான். அக்கா தங்கச்சின்னா சும்மாவா?"

"நான் தனியாத்தான் இருக்கேன்," என்றாள்.

அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு, ஏதோ குடும்பச் சண்டையில் தலையிட்டுவிட்டவர் போல, "சரி சரி, நமக்கெதுக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். காலை ஆறு ஐந்து. பேசிய நேரம், ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. ஆறு ஐந்துக்கு அவள் குளியலறையில் இருந்தாள். கைப்பேசி கூடத்தில், ஜன்னல் திண்டில் இருந்தது. நாற்காலிக்கு எட்டுகிற தூரத்தில்.

*

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டாள். நேராக நாற்காலியின் முன்னால் போய் நின்றாள். வெறும் மர நாற்காலி. முதுகுச் சட்டங்களின் ஊடே பின்சுவர் தெரிந்தது. சுவரில் வெயில்.

"போயிடு," என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போறியா அக்கா?" என்றுதான் வந்தது.

நாற்காலி லேசாக முனகியது.

சரி, பேச்சில் ஆகாது. தூக்கி வெளியே போட்டுவிடலாம். காலையில் குப்பை வண்டி வரும். பின்னால் போய், முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. கால்கள் தரையில் ஒட்டியது போலிருந்தன. சாய்த்து இழுக்கலாம் என்று தன் பக்கமாகச் சாய்த்தாள்.

சாய்ந்தது. சாய்ந்தபோது கனம் அவள் கைக்குள் வந்து விழுந்தது.

அந்தக் கனத்தை அவளுக்குத் தெரியும். ஆறு மாதம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிய கனம். ஒத்துழைக்காத உடம்பின் கனம். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தொங்கும். அதற்கென்று அவள் வலது முழங்காலை முட்டுக் கொடுப்பாள். முழங்கால் இப்போது தானாகப் போய் முட்டுக் கொடுத்தது. நாற்காலி சரியாகச் சமநிலைக்கு வந்தது.

காதுக்கு மிக அருகில், சூள்.

மெதுவாக, நோகாமல், நாற்காலியைப் பழையபடி நிமிர்த்தி வைத்தாள். "மன்னிச்சுக்கோ," என்றாள். வெளிவாசல் கதவைச் சாத்தினாள். பிறகு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, கட்டிலில் ஏறி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. தோழிகள் என்று யாரும் சேராமல் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்வாகத்திடம் சொன்னால் வேலை போகும். இந்த உலகத்தில் அவள் சொல்வதைக் கேட்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட நேரம் வாரத்தில் ஒரு மணிதான். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

*

"மேடம், அக்கா இன்னும் இங்கதான் இருக்கா," என்றாள்.

ஆலோசகர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப நேர்மையாச் சொன்னீங்க. இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?"

"இல்ல மேடம். நிஜமாவே. அந்த நாற்காலியில."

"கண்டிப்பா. அப்படித்தான் இருக்கும். போன தடவை நாம அவங்களை அனுப்பவே இல்லையே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தான் சொல்வது இவருக்குப் புரிகிறது, புரிந்ததுதான் வேறு. "அப்ப இன்னைக்கு அனுப்பிடுவீங்களா?"

"நீங்கதான் அனுப்புவீங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு படி இருக்கு. எழுந்து போய் அவங்க நாற்காலியில உக்காருங்க."

"நானா?"

"அவங்களா மாறி, உங்களுக்குப் பதில் சொல்லுங்க. அவங்க பக்கத்து நியாயத்தைக் கேட்டாத்தான் மனசு விடும். லேப்டாப்பைத் திருப்ப வேண்டாம், குரல் கேட்டாப் போதும். நான் கூடவே இருக்கேன். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக எழுந்தாள்.

நான்கடி. வெயில் அன்று கொஞ்சம் சீக்கிரமே மங்கியிருந்தது. நாற்காலியின் முன்னால் நின்று, திரும்பி, கையைப் பின்னால் நீட்டி இருக்கையைத் தடவினாள். வெறும் மரம். மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். யாருடைய மடியும் இல்லை. அவள் பயந்தது அதற்குத்தான். எதுவும் இல்லை. யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது மாதிரி மட்டும் இருந்தது.

"உக்காந்துட்டேன் மேடம்."

"நல்லது. இப்போ நீங்கதான் அக்கா. எதிர்ல தங்கச்சி உக்காந்திருக்கா. அவகிட்ட பேசுங்க."

வாயைத் திறந்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "எனக்குப் பதினெட்டு வயசு. எனக்கும் ஒருத்தன் இருந்தான். 'சின்னப் புள்ளையைக் கூட்டிட்டு வராதே, நீ மட்டும் வா'ன்னான். நான் போகலை. உன் முகத்தைப் பாக்கறப்பல்லாம் நான் போகாதது ஞாபகம் வரும். உன்னைச் சிரிக்கவிட்டா நான் மட்டும்தானே ஏமாந்தவ?"

இது அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருவன் இருந்ததை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. வார்த்தைகள் அவள் வாய்வழியாகத்தான் வந்தன; அவளே அவற்றை முதல் தடவையாகக் கேட்டாள். ஆணி அடிக்கிற குரலில் கேட்டாள்.

திரையின் பின்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது. அதன் மறுபுறத்திலிருந்து ஆலோசகரின் குரல் நெகிழ்ந்து வந்தது. "அற்புதம். இப்போ தங்கச்சியைப் பாருங்க. எப்படித் தெரியறா?"

எதிர் நாற்காலியைப் பார்த்தாள். தன்னுடையது. காலி.

காலிதான்.

திரையின் நீல வெளிச்சம் இருக்கையில் விழுந்திருந்தது. அதில் ஒரு நிழல் இருந்தது. நிழலுக்கு மேலே நிழல் விழுத்த எதுவும் இல்லை. பிறகு இருந்தது. முழங்கால் இரண்டும் ஒட்டியபடி. அவளுடைய பழுப்புச் சுடிதார். அவளுடைய கை. ஆஸ்பத்திரி சோப்பில் வெடித்த அதே விரல்கள்.

"சின்னதா இருக்கா," என்றது அவள் வாய்.

"சரி. போதும். இப்போ எழுந்து உங்க இடத்துக்கு வாங்க."

எழ முயன்றாள். இடது கால் வரவில்லை. இடது கையும்.

"வாங்க," என்றார் ஆலோசகர். "மெதுவா."

"வந்துட்டேன் மேடம்."

சொன்னது அவள் இல்லை.

எதிரே இருந்தவள் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த முதுகு அப்படி நிமிரும் என்று அவளுக்கே தெரியாது.

"எப்படி இருக்கு இப்போ?"

"லேசா இருக்கு மேடம். ரொம்ப நாளா ஒரே பக்கமாக் கிடந்து எழுந்த மாதிரி."

"குரலே மாறிப்போச்சே! நிமிர்ந்து உக்காந்திருக்கீங்க. ஒரு மன்னிப்புகூடக் கேக்கலை, கவனிச்சீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்?"

ஆலோசகர் கலகலவென்று சிரித்தார்.

மேடம். அது நான் இல்லை. மேடம், நான் இங்கே. கத்தினாள். பலம் கொண்ட மட்டும் கத்தினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிரிந்தது. அவ்வளவுதான் வந்தது. சூள்.

"என்ன சத்தம் அது?"

"பல்லி மேடம்."

"சரி, கடைசிக் கேள்வி. இதுக்குத்தான் ரெண்டு வாரமாக் காத்திருக்கோம். எதிர் நாற்காலியைப் பாருங்க. நல்லாப் பாருங்க. அவசரமில்லை. அதுல யாராவது இருக்காங்களா?"

எதிரே இருந்தவள் தலையைத் திருப்பினாள். பார்த்தாள். கண்ணுக்குள் பார்த்தாள். உச்சி முதல் பாதம்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணுக்கு வந்தாள். அந்தக் கண்கள் அவளுடையவை. அவற்றில் கண்ணீர் மட்டும் இல்லை.

"இல்ல மேடம்," என்றாள், பார்வையை எடுக்காமல். "யாரும் இல்ல."

"அப்படின்னா நாம ஜெயிச்சுட்டோம். நாற்காலியை எடுத்து அதோட இடத்துல போட்டுடுங்க. ஆபீசுக்கு நானே நல்லபடியா எழுதிடறேன். வாழ்த்துக்கள்!"

திரை அணைந்தது. அறை இருண்டது. காலடிகள் வந்தன. ஒரு கை முதுகுச் சட்டத்தைப் பற்றியது. ஒரே கை. நாற்காலி எழும்பியது. கூடம் சாய்ந்து நகர்ந்தது, சுவர் நகர்ந்தது, கதவுநிலை நகர்ந்தது. மேசையின் விளிம்பு நெஞ்சில் வந்து அழுத்தி நின்றது. மற்ற நாற்காலியும் வந்து எதிர்ப்பக்கம் அமர்ந்தது.

சமையலறையில் பாத்திரங்களின் சத்தம். தட்டு ஒன்று. ஒன்றே ஒன்று.

அவளுடைய முகம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது. நிதானமாக, கவளம் கவளமாக, பசித்துக் கிடந்தவர்கள் சாப்பிடுவது போல. நடுவில் ஒரு தடவை மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது.

"நேரா உக்காரு," என்றது.

அவள் நேராக உட்கார முயன்றாள்.